திறந்து படிக்கக் கிடைத்த சூரியன்

ஆறு பேர் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. 2011இல் 'அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல் சப்ளிமென்ட்' இதழில் வந்தது. ஒரு நட்சத்திரம் பிறந்து, எரிந்து, முதிர்ந்து, அடங்குவது வரை கணக்கிட்டுக் காட்டும் 'மெசா' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்திய கட்டுரை. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் அதை புராஜெக்ட்டுக்காக அச்செடுத்து வைத்திருந்தாள். 2020 ஊரடங்கு தொடங்கிய நேரம். விடுதியைக் காலி செய்துவிட்டு அத்தை வீட்டில் வந்து தங்கியிருந்தாள். மேசையில் பரப்பிக் கிடந்த தாள்களை ஒதுக்கப் போன அத்தை, ஆசிரியர் வரிசையின் முதல் பெயரைப் பார்த்து நின்றுவிட்டார். பில் பாக்ஸ்டன்.

"இந்த ஆளை எனக்குத் தெரியுமே!"

"உங்களுக்கா? அத்தை, இது நட்சத்திர இயற்பியல்."

"இருக்கட்டும்டி. போஸ்ட்ஸ்கிரிப்ட் பண்ணினவங்கள்ல ஒருத்தர் பேரும் இதேதான். வேணும்னா தேடிப் பாரு."

தேடிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ஆள்.

1990களின் முதல் பாதியில் அத்தை திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் டி.டி.பி. பிரிவில் வேலை பார்த்தவர். கோனார் உரை மாதிரியான நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் ஒரே கணினிக்கு வரும். பக்கத்தைக் கட்டி லேசர் பிரிண்டருக்கு அனுப்பினால், சில நேரம் பக்கத்துக்குப் பதிலாக ஒரு வரி மட்டும் அடித்த தாள் வெளியே விழும். 'லிமிட்செக்' என்று பிழையின் பெயர், 'ஆஃபெண்டிங் கமாண்ட்' என்று குற்றவாளியின் பெயர். மற்றவர்கள் பிரிண்டரை அணைத்துப் போட்டு சாமி கும்பிடுவார்கள். அத்தை கோப்பைத் திறப்பார். பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் அமைந்த அந்தக் கோப்பு முழுக்க வெறும் எழுத்துதான். எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். எண்கள் முதலில் வரும், கட்டளை பின்னால் வரும். '72 72 மூவ்டு' என்றால் இடப்பக்கத்திலிருந்து ஓர் அங்குலம், அடியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் போய் நில் என்று அர்த்தம். கடைசியில் 'ஷோபேஜ்' என்று சொன்னால்தான் தாள் வெளியே வரும். படித்துக்கொண்டே போனால் பிரிண்டர் எந்த இடத்தில் மூச்சு முட்டி நின்றது என்று பிடித்துவிடலாம்.

அந்த மொழியை அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்டது. மறு வருஷம் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அதை மேசைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக 1989இல் ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருதை ஐந்து பேர் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் பாக்ஸ்டன். அதற்கும் முன்னால் அவர் இன்னொரு சரித்திரச் சம்பவத்தில் இருந்தார். 1968 டிசம்பர் 9ஆம் தேதி டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் மவுஸையும் இணைப்புச் சொற்களையும் கூட்டத்துக்கு முதன்முதலாகக் காட்டியபோது, மென்லோ பார்க்கிலிருந்து திரையின் ஒரு மூலையில் முகம் தெரிய அவரோடு சேர்ந்து வேலை செய்து காட்டிய இளைஞர்களில் பாக்ஸ்டனும் ஒருவர். பிறகு ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகம். பிறகுதான் அடோபி.

அடோபியின் காலத்தைப் பற்றி அத்தைக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் விளக்கத்தைப் புத்தகமாகப் போட்டவர்கள், டைப் 1 எழுத்துருவின் உள்விவரத்தை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். சின்ன அளவில் அச்சிடும்போது எழுத்தின் கோடுகள் ஒன்று தடித்து ஒன்று மெலியாமல் சீராக வர எழுத்துருவுக்குள் குறிப்புகள் வைக்கும் நுட்பம் அதில் இருந்தது. ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டும் ட்ரூடைப்போடு போட்டிக்கு வந்த பிறகு, 1990இல்தான் அடோபி அதை வெளியிட்டது. அதுவரை தமிழ் எழுத்துரு செய்தவர்கள் பாடு திண்டாட்டம். பூட்டி வைத்த நுட்பத்தின் மேல் வளர்ந்த ஒரு குழுவிலிருந்து வந்தவர், பின்னாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கும்படி சூரியனை எழுதி வைத்தார் என்பது அத்தைக்கு வேடிக்கையாக இருந்தது.

பாக்ஸ்டன் அடோபியை விட்டு விலகி வெகு காலம் கழித்து வானியல் பக்கம் வந்தார். 2004இல் அவர் பெயரில் மட்டும் ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டிஷ் வானியலாளர் பீட்டர் எகில்டன் 1970களின் தொடக்கத்திலிருந்து வளர்த்து வந்த நட்சத்திர நிரலை எடுத்து, வேண்டாததைக் கழித்து, எளிமையாக்கித் திருப்பி எழுதியதன் விவரம். அதற்கு 'ஈஸி' என்று பெயர் வைத்தார். அடுத்து, இருப்பதைச் சரிபண்ணுவதை விட்டுவிட்டு அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதத் தொடங்கினார். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவின் காவ்லி கோட்பாட்டு இயற்பியல் நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்த லார்ஸ் பில்ட்ஸ்டனும், ஆரன் டாட்டர், ஃபால்க் ஹெர்விக், பியர் லெசாஃப்ர், ஃபிராங்க் டிம்ஸ் ஆகியோரும் கூட்டுச் சேர்ந்தார்கள். 2011 கட்டுரையின் ஆறு பெயர்கள் இவைதாம்.

புதிதாக எழுத வேண்டிய தேவை என்ன என்று கேட்டால் ஐம்பது வருஷக் கதையைச் சொல்ல வேண்டும்.

நட்சத்திரத்தின் வாழ்வை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி வருஷம். அதன் நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் தீர இன்னும் ஏறத்தாழ 500 கோடி வருஷம் ஆகும். எனவே கணக்குத்தான் வழி. பிரின்ஸ்டனில் மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்டு 1958இல் எழுதிய பாடநூலில், கையால் கணக்குப் போடுகிறவர் ஒரு நாளில் இருபது படிகளுக்கு மேல் போடலாம், ஒரு முழுக் கணக்குக்கு நாற்பது படி போதும் என்ற அளவில் வேலைநேரத்தை மதிப்பிடுகிறார். அதாவது நட்சத்திரத்தின் ஒரே ஒரு கணத்தை, ஒரே ஒரு தோராயத்தில் காண இரண்டு நாள். பெர்க்லியில் லூயி ஹென்யே கணினிக்கு ஏற்ற புது முறையைக் கொண்டுவந்தார். மையத்திலிருந்து மேற்பரப்பு வரை எல்லா அடுக்குகளின் சமன்பாடுகளையும் ஒரே சமயத்தில் திருத்தித் திருத்தி விடைக்கு நெருங்கும் முறை. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

1960களிலிருந்து ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு நிரலை வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் கிப்பன்ஹான் குழுவுக்கு ஒன்று, கேம்பிரிட்ஜில் எகில்டனுக்கு ஒன்று. பேராசிரியரிடமிருந்து மாணவருக்கு, மாணவரிடமிருந்து அவருடைய மாணவருக்கு ஃபோர்ட்ரான் கோப்புகள் கைமாறும். ஒரு வரி எதற்காக இருக்கிறது என்று அதை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வு பெற்றால் அதுவும் போச்சு. கட்டுரையில் விடை வரும், நிரல் வராது. இரண்டு குழுக்களின் விடை ஒத்துப்போகாவிட்டால் கோளாறு இயற்பியலிலா, நிரலிலா என்று வெளியாள் சொல்ல வழியில்லை.

மெசாவும் ஃபோர்ட்ரான்தான். ஆனால் தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து எழுதியது. அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல ஒரு கட்டு, ஒளி எவ்வளவு தடைபடுகிறது என்று சொல்ல ஒன்று, அணுக்கரு வினைகளுக்கு ஒன்று. ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். குனூ வகை உரிமத்தோடு இணையத்தில் கிடக்கிறது. காசு கிடையாது, அனுமதிக் கடிதம் கிடையாது. சென்னைப் புறநகரில் ஊரடங்கில் மாட்டிக்கொண்ட ஒரு முதுகலை மாணவிக்கும் சாண்டா பார்பரா ஆய்வாளருக்கும் ஒரே கோப்பு.

நிறுவுவதற்கு லினக்ஸோ மேக்கோ வேண்டும். அத்தையின் பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் இருந்ததால்தான் அவர் இந்தக் கதைக்குள் வந்தார். மெசாவை அமுக்கி வைத்த கோப்பே ஜிகாபைட் கணக்கில் வரும். அதற்கு முன்னால் ரிச் டவுன்செண்ட் விஸ்கான்சினில் தொகுத்துத் தரும் கருவித் தொகுதியைப் போட வேண்டும். ஃபோர்ட்ரான் கம்பைலர் முதல் நூலகங்கள் வரை எல்லாம் அதில் ஒரே கட்டாக இருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இதையெல்லாம் இறக்குவது ஒரு தவம். அப்போது பதிப்புகளுக்கு வெறும் எண்தான் பெயர். அவர்கள் போட்டது ஆர்12778.

போட்டு முடித்ததும் அத்தை முதலில் கேட்டது, எதைத் திறக்க வேண்டும் என்பதுதான். திறக்க வேண்டியதன் பெயர் இன்லிஸ்ட். அதுவும் வெறும் எழுத்துக் கோப்பு. ஆம்பர்சண்ட் குறியோடு ஒரு பகுதி தொடங்கும், சாய்கோட்டில் முடியும், ஆச்சரியக்குறிக்குப் பின்னால் வருவது மனிதருக்கான குறிப்பு. உள்ளே ஒரு வரி: தொடக்க நிறை = 15. சூரியனைப் போலப் பதினைந்து மடங்கு நிறை. மென்பொருளோடு வரும் மாதிரி இது. அடுத்த வரி: ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் பங்கு = 0.02. கடைசியில் எங்கே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை: மையத்தில் ஹைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது. பிறகு தொகுக்க ஒரு கட்டளை, ஓட்ட ஒரு கட்டளை. வேறொன்றும் இல்லை.

அத்தை 15ஐ அழித்து 1 என்று போட்டார், நிறுத்தும் நிபந்தனையை எடுத்துவிட்டார். சூரியன்.

ஓடத் தொடங்கியதும் திரையில் எண்கள் கொட்டின. படிக்கு மூன்று வரி. முதல் வரியில் படியின் எண், மிக அதிக வெப்பநிலை, மேற்பரப்பு வெப்பநிலை, இரண்டாவதில் இந்தப் படியில் காலம் எவ்வளவு நகர்ந்தது என்பதன் மடக்கை, மூன்றாவதில் வயது. ஓரத்தில் எத்தனை அடுக்குகள், எத்தனை முறை திரும்ப முயன்றது என்று எண்ணிக்கை. வலக்கோடியில் ஒரு சொல்: காலத்தை இதற்கு மேல் பெரிதாக நகர்த்தவிடாமல் தடுத்தது எது என்று. அத்தைக்கு மிகவும் பிடித்துப்போனது அந்தக் கடைசிக் கட்டம். லேசர் பிரிண்டர் துப்பும் பிழைத்தாளில்கூட அவ்வளவு மரியாதை இருக்காது. ஏன் தயங்குகிறேன் என்று நிரலே காரணம் சொல்லிக்கொண்டு போகிறது.

அண்ணன் மகள் விளக்கினாள். நட்சத்திரத்தை வெங்காயம்போலச் சுமார் ஆயிரம் தோலாக உரித்து வைத்துக்கொள்கிறது நிரல். ஒவ்வொரு அடுக்கிலும் அடர்த்தி, வெப்பநிலை, ஆரம், வெளியேறும் ஆற்றல் என நான்கு தெரியாத எண்கள். மிக எளிய வினைப் பட்டியலில் ஹைட்ரஜன் முதல் மக்னீசியம்வரை எட்டு ஐசோடோப்புகள். ஆக அடுக்குக்குப் பன்னிரண்டு, மொத்தம் பன்னிரண்டாயிரம் தெரியாத எண்கள். ஒவ்வொரு படியிலும் அத்தனையும் ஒன்றாகத் தீர வேண்டும். தீராவிட்டால் நிரல் ஒரு படி பின்வாங்கி, காலத்தைக் குறைத்து, திரும்ப முயலும். திரும்ப முயன்ற கணக்குதான் ஓரத்து எண்.

சூரியனின் நடுவயது அலுப்பூட்டும் அளவுக்கு அமைதியானது. நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம், தண்ணீரைப்போல 150 மடங்கு அடர்த்தி. நிரல் பல கோடி வருஷங்களை ஒரே தாவலில் கடக்கிறது. பிறந்த புதிதில் சூரியன் இன்றைய ஒளியில் சுமார் எழுபது சதவீதம்தான் தந்தது. மெல்ல மெல்லக் கூடி வருவதை வரைபடத்தில் பார்க்கலாம். அந்த வரைபடங்கள் ஓடும்போதே தனி ஜன்னலில் வந்துகொண்டிருக்கும். அவற்றை வரைவது பி.ஜி.பிளாட் என்ற பழைய கால்டெக் நூலகம். அது படத்தைக் கோப்பாகத் தரும் வடிவங்களில் போஸ்ட்ஸ்கிரிப்ட்டும் ஒன்று என்று ஆவணத்தில் பார்த்ததும் அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

ஹைட்ரஜன் தீர்ந்து, நட்சத்திரம் செம்பூதமாக ஊதத் தொடங்கியதும் திரையின் வேகம் மாறும். நடுவில் இருக்கும் ஹீலிய உள்ளகம் சூரிய நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்து, பத்துக் கோடி டிகிரியைத் தொடும்போது ஹீலியம் பற்றிக்கொள்கிறது. அங்கே வாயு சாதாரண வாயு இல்லை. எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக் கிடப்பதால், சூடானாலும் விரிந்து குளிரத் தெரியாது. சூடு வினையைக் கூட்டும், வினை சூட்டைக் கூட்டும். பத்தாயிரம் வருஷக் கணக்கில் தாவிக்கொண்டிருந்த நிரல், கால மடக்கைக் கட்டத்தில் மைனஸ் எண்களுக்கு இறங்கியது. மைனஸ் மூன்று என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. ஹீலியம் எரிதலின் ஆற்றலைக் காட்டும் கட்டம் ஏறி ஏறி ஒன்பதைத் தாண்டியது. அதுவும் மடக்கை. நூறு கோடி சூரியன்களின் ஆற்றல், ஒரு நட்சத்திரத்தின் வயிற்றுக்குள்.

"வெடிச்சிருச்சா?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல அத்தை. வெளியில ஒண்ணுமே தெரியாது. அந்த எனர்ஜி முழுக்க உள்ளகத்தோட இறுக்கத்தைப் பிரிக்கவே செலவாயிடும். வானத்துல பார்த்தா அதே நட்சத்திரம்தான்."

ஹீலிய மின்னல் என்று பெயர். ஷ்வார்ஸ்சைல்டும் ரிச்சர்ட் ஹார்மும் 1960களில் கணினியில் முதன்முதலாக அதன் வழியாகக் கடந்தார்கள். அதன் பிறகு பல நிரல்கள் அந்த இடத்தில் முட்டி நின்று, மின்னலைத் தாண்டி மறுபக்கத்தில் புது நட்சத்திரத்தைக் கட்டி வைத்துத் தொடர்ந்தன. மெசா நடுவில் நிறுத்தாமல் கடந்து வெள்ளைக் குள்ளன் வரை போகிறது. பிறப்பு முதல் வெள்ளைக் குள்ளன் வரையான ஒரு சூரிய நிறை ஓட்டம், நிரலோடு வரும் சோதனைத் தொகுப்பிலேயே இருக்கிறது.

சோதனைத் தொகுப்புத்தான் அத்தையை அதிகம் கவர்ந்தது. நிரலில் யார் எதை மாற்றினாலும், பல வகை நட்சத்திரங்களின் ஓட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்து எதுவும் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்கிறார்கள். இன்னொரு வைராக்கியமும் உண்டு. வேறு வேறு கணினிகளில் ஓடினாலும் கடைசி பிட் வரை ஒரே விடை வர வேண்டும். சைன், மடக்கை போன்றவற்றைக் கணினிகள் கடைசி இலக்கத்தில் வெவ்வேறாக முழுமைப்படுத்துவதால், அதற்கென்று தனிக் கணித நூலகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நட்சத்திரக் கணக்கில் கடைசி இலக்க வேறுபாடு ஆயிரம் படி கழித்துப் பெரிதாகி நிற்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் பெருமையும் இதுதானே என்றார் அத்தை. 300 புள்ளி லேசரில் பார்த்த பக்கம், பிலிம் எடுக்கும் இமேஜ்செட்டரிலும் வரி மாறாமல் அப்படியே வரும். இல்லாவிட்டால் புரூஃப் பார்த்ததற்கு அர்த்தமே இல்லை.

மழைக்கால மாலை ஒன்றில் மின்சாரம் போனது. கனமான நட்சத்திரம் ஒன்று பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. மாணவி பதறவில்லை. மெசா ஐம்பது படிக்கு ஒருமுறை நட்சத்திரத்தின் முழு நிலையையும் ஒரு கோப்பில் எடுத்து வைக்கிறது. அதற்கு 'போட்டோ' என்றுதான் பெயர். கரண்ட் வந்ததும் கடைசிப் போட்டோவிலிருந்து தொடர்ந்தாள். இடையில் நிற்காமல் ஓடியிருந்தால் என்ன விடை வருமோ, அதே விடைதான் வரும்.

இவ்வளவு கறாரான நிரலுக்குள்ளேயே, யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்து வைத்த எண்களும் இருக்கின்றன. இன்லிஸ்ட்டின் மாற்றக்கூடிய அமைப்புகள் எல்லாம் விளக்கத்தோடு ஒரு நீண்ட கோப்பில் பட்டியலாகக் கிடைக்கும். நாவல் படிப்பதுபோல அத்தை அதைப் படித்தார். 'மிக்ஸிங் லெங்த்' என்று ஒரு வரி. நட்சத்திரத்துக்குள் கொதித்து மேலே ஏறும் வாயுக்குமிழி எவ்வளவு தூரம் போய்க் கரைகிறது என்பதற்கான அளவு. எரிகா பேம்-விட்டென்ஸ் 1958இல் கொடுத்த எளிய வடிவம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மெசா 2 என்று எடுத்துக்கொள்ளும். அதைக் கோட்பாட்டிலிருந்து வருவித்துவிட முடியாது. 460 கோடி வருஷத்தில் நம் சூரியனின் ஆரமும் ஒளியும் சரியாக வரும்வரை திருகித் திருகி வைக்க வேண்டும். அத்தை 1.5 போட்டுப் பார்த்தார். சூரியன் ஊதி, கொஞ்சம் குளிர்ந்தது.

"அப்ப இது சூரியனா, நாம வெச்ச நம்பரா?" என்றார்.

மாணவியின் பதில் எளிமையானது. எது இயற்பியல், எது நாம் வைத்த எண் என்று பழைய கட்டுரைகளில் பிரித்துப் பார்க்கவே முடியாது. இங்கே கோப்பைத் திறந்தால் வரிவரியாகத் தெரிகிறது. சரியில்லை என்றால் மாற்றி ஓட்டிப் பார்த்துச் சண்டை போடலாம்.

அந்தச் சண்டை வெறும் எண்ணோடு நிற்பதுமில்லை. ஒளித்தடை அட்டவணைகளின் கதையை அவள் அதற்கு உதாரணமாகச் சொன்னாள். துடிக்கும் செஃபீட் வகை நட்சத்திரங்களின் நிறை, பரிணாமக் கணக்கில் ஒன்றாகவும் துடிப்புக் கணக்கில் வேறொன்றாகவும் வந்து பல வருஷம் தலைவலி கொடுத்தது. 1982இல் நார்மன் சைமன் ஒரு சிறு கட்டுரையில், கனமான தனிமங்கள் ஒளியைத் தடுக்கும் அளவை இரண்டு மூன்று மடங்கு கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒத்துவரும், எனவே அந்த எண்களைத் திரும்பக் கணக்கிடுங்கள் என்று கேட்டார். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஃபோரஸ்ட் ராஜர்ஸும் கார்லோஸ் இக்லேசியாஸும் கணக்கிட்டார்கள். இரும்பு அணுவின் எண்ணற்ற நிறமாலைக் கோடுகளை முன்பு சரியாகச் சேர்க்காமல் விட்டிருந்தது தெரிந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த அந்த 'ஓபால்' அட்டவணைகள் இன்று மெசாவுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு வரியை மாற்றினால் வேறு அட்டவணைக்குத் தாவலாம்.

சென்னைக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளவும் அந்த நிரலில் ஓர் இடம் உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், வெள்ளைக் குள்ளனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதாகப் பயணத்தில் கணக்கிட்டார். இன்றைய கணக்கில் அது சூரியனைப்போலச் சுமார் 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்தது ஊரறிந்த கதை. மெசாவில் ஒரு வெள்ளைக் குள்ளனுக்கு மேலே மேலே பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால், அந்த வரம்பை நெருங்க நெருங்க ஆரம் சுருங்கி மைய அடர்த்தி எகிறுவதைக் கட்டத்தில் பார்க்கலாம். யாரும் அந்த வரம்பை நிரலில் எழுதி வைக்கவில்லை. சமன்பாடுகளிலிருந்து தானாக வருகிறது.

புராஜெக்ட்டின் விஷயம் திருவாதிரை. 2019 டிசம்பரிலிருந்து அந்த நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரியுமளவு மங்கி, 2020 பிப்ரவரியில் அடிமட்டத்தைத் தொட்டது. வெடிக்கப் போகிறது என்று செய்திகள் பறந்தன. மங்கியதற்கு நட்சத்திரம் கக்கிய தூசியும் மேற்பரப்பில் குளிர்ந்த ஒரு திட்டும் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அதே வருஷம் மெரிடித் ஜாய்ஸ் தலைமையில் ஒரு குழு மெசாவில் திருவாதிரையின் மாதிரிகளை ஓட்டி, அதன் துடிப்புக் காலங்களோடு ஒப்பிட்டது. அவர்கள் கணக்கில் இன்றைய நிறை சூரியனைப்போலப் பதினாறரையிலிருந்து பத்தொன்பது மடங்குக்குள். தூரம் சுமார் 550 ஒளியாண்டு, முன்பு நினைத்ததைவிடப் பக்கம். நடுவில் இன்னும் ஹீலியம்தான் எரிகிறது. வெடிக்க ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

இதே நிரலைக் கருந்துளைக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். 2015 செப்டம்பர் 14இல் லைகோ பிடித்த முதல் ஈர்ப்பலை, சூரியனைப்போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட இரண்டு கருந்துளைகளின் மோதல். அவ்வளவு கனமான இரண்டு அவ்வளவு நெருக்கத்தில் எப்படிச் சேர்ந்தன? பாப்லோ மர்ச்சண்ட் குழு மெசாவில் இரட்டை நட்சத்திரங்களை ஓட்டி, வேகமாகச் சுழன்று உள்ளும் புறமும் ஒன்றாகக் கலந்துவிடும் நட்சத்திரங்கள் ஊதாமலே எரிந்து தீர்ந்து இப்படி முடியலாம் என்று 2016இல் காட்டியது. 2019இல் ராபர்ட் ஃபார்மர் குழு, நட்சத்திரத்திலிருந்து நேரடியாகப் பிறக்கும் கருந்துளைக்குச் சுமார் 45 சூரிய நிறையில் ஒரு மேல்வரம்பு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. கார்பனும் ஹீலியமும் சேர்ந்து ஆக்சிஜனாகும் ஒரே ஒரு வினையின் வேகத்தைப் பொறுத்து அந்த எல்லை நகர்கிறது என்பதையும் காட்டியது.

பாக்ஸ்டனுக்கு 2021இல் அமெரிக்க வானியல் கழகம் பியாட்ரிஸ் டின்ஸ்லி பரிசு கொடுத்தது. சாண்டா பார்பராவில் 2012இல் தொடங்கிய கோடைப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் இன்று நிரலின் பாகங்களை எழுதுகிறார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியல் ஆவணத்தில் தனிப் பக்கமாக இருக்கிறது. எந்தப் பதிப்பில் எது தவறு, யாருக்குப் பாதிப்பு, எதில் சரிசெய்தது என்று. அத்தை அந்தப் பக்கத்தைக் காட்டி, பிழைதிருத்தம் என்று புத்தகத்தின் கடைசியில் ஒட்டும் துண்டுச்சீட்டை நம் பதிப்பாளர்கள் இந்த லட்சணத்தில் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

ஆய்வேட்டை வீட்டிலேயே கட்டினார்கள். இன்லிஸ்ட்டை முழுசாகப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். எந்த எழுத்துருவில் என்பதில்தான் தகராறு. சம அகல எழுத்தில், வரி உடையாமல், ஆச்சரியக்குறிக்குப் பின்னால் வரும் குறிப்புகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். இடம் பத்தாது, நான்கு பக்கம் கூடும் என்றாள் மாணவி. நான்கு பக்கம் கூடியது.

வாய்மொழித் தேர்வு இணையவழியில் நடந்தது. வெளித் தேர்வாளர் நேரே பின்னிணைப்புக்குப் போனார். உள்ளகத்தின் கொதிப்பு தன் எல்லையைத் தாண்டி மேலே எவ்வளவு கலக்கிறது என்பதற்கான 'ஓவர்ஷூட்' எண், ஃபால்க் ஹெர்விக் 2000இல் முன்வைத்த வடிவத்தில், 0.016 என்று இருந்தது. ஏன் அந்த எண்? அவள் 0, 0.016, 0.03 என்று மூன்று ஓட்டங்களின் வரைபடத்தைத் திரையில் பகிர்ந்தாள். எண் கூடக்கூட மையத்துக்கு ஹைட்ரஜன் அதிகமாகக் கிடைத்து நட்சத்திரம் நீண்ட காலம் எரிகிறது, ஹீலிய உள்ளகம் கனக்கிறது, அதே பிரகாசத்துக்குக் குறைந்த தொடக்க நிறை போதும் என்றாகிறது. திருவாதிரையின் நிறைக்கு ஒரே எண் சொல்லாமல் வீச்சாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான் என்றாள்.

தேர்வாளர் அடுத்து நட்சத்திரக் காற்றுக்குப் போனார். மெசாவில் அந்தத் தேர்வின் பெயர் 'டச்சு', சூத்திரங்களைத் தந்தவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்கள் என்பதால். அதைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். இன்லிஸ்ட்டை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் அவர்.